மறு: ‘ஹார்மோன் மாற்று சிகிச்சை’க்குப் பதில் ‘சுரப்பீடு’?

> ‘இயக்குநீர் மாற்று மருத்துவம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பழகிய சொல்தானே?

ஐயா, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோனை (உங்கள் சொல்லில் இயக்குநீரை) மருந்தாகக் கொடுப்பதைத்தான் ‘ஹார்மோன் மாற்று சிகிச்சை’ என்கிறார்கள். அதற்கு நான் சொன்ன ‘சுரப்பீடு’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ‘மாற்று’தான் உறுத்துகிறது. சிறுநீரக மாற்று, மாற்று மருத்துவம் என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். தமிழக-ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டு, நகரிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் பெண்ணிடம் போய் ‘ஹார்மோன் மாற்று’ என்றால், எதையோ எடுத்துவிட்டு வேறெதையோ வைக்கப்போகிறார்கள் என்று பயந்துவிடுவார்.

ஆங்கிலத்தில்கூட ‘ஈடுசெய்தல்’ (replacement) என்ற பொருள்படும் பழைய பெயர் பல இடங்களில் பின்வாங்கிவிட்டது. 2002இல் அமெரிக்காவின் மகளிர் நல ஆய்வு, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்த பிரிவைப் பாதியில் நிறுத்தியது. மார்பகப் புற்றுநோய் கூடியது முக்கியக் காரணம். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களின் நன்மை, ஆபத்துக் கணக்கே வேறு. வயதானால் சுரப்பு குறைவது இயல்பு. அங்கே ‘ஈடு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘மாதவிடாய் நிறைவுக்கால ஹார்மோன் சிகிச்சை’ போதும். நீளம்தான், என்ன செய்ய.

ஆனால் எல்லையோரத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்த பெண்களின் விகிதத்தில் ஆந்திரா நாட்டிலேயே முன்வரிசை. தமிழில் ‘பை எடுத்தாச்சு’, தெலுங்கில் ‘சஞ்சி தீசேசாரு’ என்பார்கள். எந்தப் பை? கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பைகளும் சேர்த்தா? கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. சினைப்பை தங்கியிருந்தால் மாதவிடாய் நின்றாலும் ஹார்மோன் சுரக்கும். இரண்டையும் 38 வயதில் எடுத்துவிட்டால் சுரப்பு ஒரே நாளில் வீழும். உடம்பு திகுதிகுவென்று எரியும். தறிக்கொட்டகை வெக்கை என்று முந்தானையால் விசிறிக்கொள்வார். எலும்பு தேய்வது வெளியே தெரியாது. மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே முறை. இங்கே அது உண்மையிலேயே ஈடுதான். இதற்கு மட்டும் ‘சுரப்பீடு’ என்கிறேன்.

> ஹார்மோன் என்றாலே மக்கள் பயப்படுகிறார்கள். அதனால்தான் இயக்குநீர்.

பயம் உண்மை. பிராய்லர் கோழிக்குப் போடுகிற ஊசி என்றுதான் நினைக்கிறார்கள் (கோழிக்கு அப்படி யாரும் போடுவதில்லை, அது தனிக்கதை). ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசி போட்டால் அப்புறம் பிள்ளையே தங்காது என்பார்கள். வாரக்கணக்கில் போடும் ‘சாயா’ கருத்தடை மாத்திரையில் ஹார்மோனே இல்லை. அதையும் அதே கணக்கில் ஒதுக்குகிறார்கள். ஆனால் திருமலைக்குப் போகும் தேதி நெருங்கினால், மருந்துக்கடையில் ‘தள்ளிப்போற மாத்திரை’ கேட்டு வாங்கி, மூன்று வேளையும் விழுங்குவார்கள். அது நோர்எதிஸ்டிரோன், சுத்தமான ஹார்மோன்! சில கருத்தடை மாத்திரைகளிலும் அதே சரக்குதான். ஆக, பயம் மருந்தின் மேல் இல்லை. ‘இயக்குநீர்’ என்று எழுதினால் பயம் போகாது, புரியாமல் போகும். ஹார்மோன் இருக்கட்டும்.

> சுரப்பீடு, காப்பீடு மாதிரி ஒலிக்கிறதே?

இழப்பீடு மாதிரி ஒலிக்கட்டும் என்றுதான் கட்டினேன். மருத்துவமனைச் சீட்டில் இப்படி எழுதினால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்: ‘கர்ப்பப்பையுடன் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சுரப்பீடு பற்றி மருத்துவரிடம் கேட்கவும்.’