தம்பி எரிந்து விழுகிறான்: வயசுக் கோளாறா, நோயா?

பூம்பாறைக்காரி:
கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை எங்கள் ஊர். தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ. பூண்டைக் கட்டுக் கட்டுவதில் அவன் கைவேகம் எங்கள் தெருவில் யாருக்கும் வராது. போன வாரம் அம்மா ஒரு குவியலை முன்னால் போட்டாள். நாலு பூண்டை எடுத்தவன் அதன் தண்டைத் திரித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுப்புப் புகை நேராக முகத்தில் அடிக்கிறது, நகரக்கூட இல்லை.

ஒன்றரை மாதமாக இப்படித்தான். வாலிபால் ஆடப் போவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கும் விழித்திருக்கிறான், காலையில் எழுப்பினால் கத்துகிறான். "திமிரு. போனைப் பிடுங்கினா சரியாயிடும்" என்றார் அப்பா. பிடுங்கியாச்சு, சரியாகவில்லை. பாட்டி குழந்தை வேலப்பர் கோயில் திருநீறு பூசிப் பார்த்தாள். வியாழக்கிழமை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றான். அப்பாவுக்கு அது வெறும் பேச்சு. எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

கோத்தகிரி நர்ஸம்மா:
தங்கச்சி, அது வெறும் பேச்சு இல்லை. இந்த வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது, பல பேருக்குக் கோபமாக வரும். இரண்டு வாரம் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அதற்கு முன்னால் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், இன்றைக்கே. 14416-க்குப் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். ராத்திரியிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மலைத்தேன்:
எங்க காலத்தில் இதெல்லாம் ஏது? எல்லாம் போன் செய்கிற வேலை.

கோத்தகிரி நர்ஸம்மா:
அண்ணா, அப்போதும் இருந்தது, பேர்தான் "பேய் பிடிச்சிருக்கு". 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. போனால் தூக்கம் கெடும், சரி. ஆனால் தூக்கம் வராததால் போனை நோண்டுகிற பிள்ளையும் உண்டு.

குன்னூர்ப் பையன்:
எனக்கு 19 வயதில் இதே மனச்சோர்வு வந்தது. ஹாஸ்டலில் சோம்பேறி என்று பட்டம் கொடுத்தார்கள், அது கிடக்கட்டும். அக்கா, மாத்திரை ஆரம்பித்தால் மறுநாளே மாற்றம் தேடாதீங்க. எனக்கு நாலாவது வாரம்தான் பசி எடுத்தது. முதல் சில வாரம் தனியா விடக்கூடாது, 25 வயசுக்குக் கீழே அதிகக் கவனம் வேணும்னு டாக்டர் எங்க அம்மாவிடம் சொன்னார். நல்லா இருக்குன்னு நானா மாத்திரையை நிறுத்தி ஒரு தடவை பட்டாச்சு.

பூம்பாறைக்காரி:
கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "ரெண்டு தடவை தோணிச்சு" என்றான். அன்று ராத்திரியே 14416-க்குப் போட்டோம். நான் வெளியே திண்ணையில் இருந்தேன், அவன் அரை மணி நேரம் பேசினான். மருந்து டப்பாக்களைப் பெரியப்பா வீட்டுக்கு மாற்றியாச்சு. அவன் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்கிறோம். நாளை விடியலில் வடுகபட்டி சந்தைக்கு எங்கள் பூண்டு வண்டி போகிறது. அதில் போய் இறங்கி, அங்கிருந்து தேனி பக்கம் க.விலக்கு அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். அப்பாவும் வருகிறார். வழியில் வாயைத் திறக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.