769,000 வந்ததா, இல்லையா? கொரோனாக் கால மலேரியாக் கணக்கு

வெள்ளவத்தை வாசன்:
நேற்று கொரோனாக் கால ஒட்சிசன் தட்டுப்பாடு பற்றிய இழையில் நாரஹேன்பிட்டக்காரன் எழுதியது இது: "2020 ஏப்ரலில், ஆபிரிக்காவில் மலேரியாவால் 769,000 பேர் சாவார்கள் என்று உலக சுகாதார அமைப்பு பயமுறுத்தியது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏழை நாடுகள் நுளம்பு வலைக்குக் கொட்டிய காசுக்கு ஒட்சிசன் வாங்கியிருக்கலாம்."

இதை எப்படிச் சும்மா விடுவது? அந்த எண்ணிக்கை சோதிடம் இல்லை. வலை விநியோகம் முழுவதும் நின்று, மருந்து கிடைப்பதும் முக்கால்வாசி குறைந்தால் என்ன ஆகும் என்று போட்ட கணக்கு. வலை நிற்கவில்லை. பெனின், சியரா லியோன், சாட், கொங்கோ ஜனநாயகக் குடியரசு எல்லாம் அந்த நேரத்திலேயே விநியோகத்தைத் தொடங்கிவிட்டன. பெனினில் சனத்தை வரிசையில் நிறுத்தாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நாரஹேன்பிட்டக்காரன்:
என் பெயரில் இழை திறக்கும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன், சந்தோஷம். எனக்கு ஒரே கேள்விதான். 769,000 வந்ததா, இல்லையா?

தெஹிவளை சுகந்தி:
2019இல் உலகம் முழுவதும் மலேரியா மரணம் 558,000. 2020இல் 627,000. கூடியது 69,000. அதில் ஏறக்குறைய 47,000, பெருந்தொற்றால் சேவைகள் தடைப்பட்டதால் வந்தது என்று உலக சுகாதார அமைப்பின் 2021 மலேரியா அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இது உங்களுக்குப் போதாதா?

நாரஹேன்பிட்டக்காரன்:
அக்கா, அதே அமைப்பு அதற்கு முந்திய வருட அறிக்கையில் 2019க்கு என்ன எழுதியது? 409,000. அடுத்த வருடம் அதே 2019, 558,000 ஆகிவிட்டது. ஒன்றரை இலட்சம் பேர் பின்தேதி போட்டுச் செத்தார்களா?

தெஹிவளை சுகந்தி:
சிறுபிள்ளைகளின் மரணத்தில் மலேரியாவின் பங்கைக் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். பழைய வருடங்களையும் அதே முறையில் திருத்தினார்கள். 558ஐயும் 627ஐயும் ஒப்பிடலாம், 409ஐயும் 627ஐயும் ஒப்பிட முடியாது. அறிக்கையிலேயே இருக்கிறது, வாசித்திருந்தால்.

நாரஹேன்பிட்டக்காரன்:
வாசித்தேன், அதனால்தான் கேட்கிறேன். 769,000 பழைய முறையில் போட்டது. புது முறையில் போட்டால் அது இன்னும் பெரிதாகும். அப்போ உண்மையில் நடந்ததற்கும் உங்கள் பயமுறுத்தலுக்கும் இடைவெளி இன்னும் கூடும். கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் போகிறது அக்கா. வந்ததா, இல்லையா?

இன்னொன்று. இலங்கை மலேரியாவை வலையாலா அடக்கியது? டிடிடி பூச்சிமருந்தால். 1963இல் நாடு முழுவதும் நோய் கண்டது 17 பேருக்குத்தான். வெள்ளைக்காரன் டிடிடியை நிறுத்தச் சொன்னான், 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இந்த வரலாறு தெரியாமல் பெனினைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

வெள்ளவத்தை வாசன்:
அமெரிக்காவே டிடிடியைத் தடை செய்தது 1972இல். 1969இல் வந்த நோய்க்கு அது எப்படிக் காரணம்? இங்கே மருந்தடிப்பை நிறுத்தியது 17 பேர்தான் என்ற தைரியத்தில். ஆய்வும் கண்காணிப்பும் தளர்ந்தன. திரும்ப அடித்தபோது நுளம்புக்கு டிடிடி பழகிவிட்டிருந்தது, கடைசியில் 1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். நோய் குறைந்ததும் கையை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணத்தை நீங்களே எடுத்துத் தந்திருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனையான்:
டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐக்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, கேட் திறக்காத ஆள் இங்கே மலேரியா வரலாறு எழுதுகிறார். மூன்றாம் மாடியில் மூடி இல்லாமல் கிடந்த தண்ணீர்த் தாங்கிக் கதையை யாரும் மறக்கவில்லை.

நாரஹேன்பிட்டக்காரன்:
அது வேறு இழை, வேறு வருடம். பிஎச்ஐ வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. நூறு தரம் சொல்லியாயிற்று.

ரபீக் (பேருவளை, இப்போது மருதானை):
2020இல் நான் மடகஸ்காரில் கல் வியாபாரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவன். எண்ணிக்கையை விடுங்கள். காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இரு என்றுதான் அப்போது எல்லா இடமும் சொன்னார்கள். மலேரியா நாட்டில் அது பிள்ளைக்கு மரண தண்டனை. பொல்லாத வகை மலேரியா 24 மணித்தியாலத்துக்குள்ளேயே முற்றிவிடலாம். போனால் கொரோனா என்று பூட்டிவிடுவார்கள் என்று தாய்மார் கிளினிக் பக்கமே போகவில்லை. இதற்குள் ஜனாதிபதி ரஜோலினா ஆர்ட்டிமீசியாச் செடியில் ஒரு பானம் செய்து கொரோனாவுக்கு மருந்து என்று போத்தலோடு தொலைக்காட்சியில் நின்றார். மலேரியா மாத்திரைக்கு மூலமும் அந்தச் செடிதான். கண்டபடி குடித்தால் கிருமிக்கு மருந்து பழகிவிடும் என்று வைத்தியர்கள் தலையில் அடித்தார்கள்.

கொட்டாஞ்சேனையான்:
நானா, அங்கே போத்தல், இங்கே மாத்திரை. 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு மருந்து என்று, மலேரியா மாத்திரையான "ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் வாங்கி வையுங்கள்" என்று இழை திறந்தது யார்? அமெரிக்கா கொடுத்த அவசர அனுமதியை ஜூன் 15 திருப்பி எடுத்தது. வாத நோய்க்கு அதையே தினமும் போடும் என் மச்சாள் பாமசி பாமசியாக அலைந்தாள்.

நாரஹேன்பிட்டக்காரன்:
வாங்கச் சொல்லவில்லை, செய்தியைப் பகிர்ந்தேன். உங்கள் மச்சாளுக்கும் ஆபிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரும் சேர்ந்து கதையை மாற்றுகிறீர்கள். வலை, செடி, மாத்திரை, மூன்றாம் மாடி. நான் கேட்ட எண்ணுக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

தெஹிவளை சுகந்தி:
வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் வாசன் முதல் பதிவிலேயே எழுதினார்!

நாரஹேன்பிட்டக்காரன்:
நன்றி. "வரவில்லை." இதைத்தான் நேற்றே சொன்னேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளவத்தை வாசன்:
குடை பிடித்ததால் நனையவில்லை, ஆகவே மழையே பெய்யவில்லை என்கிறார் மனுஷன். திட்டமிட்ட வலைகளில் கால்வாசி அந்த வருடத்துக்குள் போய்ச் சேரவில்லை. அதற்கும் மற்றச் சேவைகள் தடைப்பட்டதற்குமே 47,000.

நாரஹேன்பிட்டக்காரன்:
47,000 மதிப்பீடு. ஆள் ஆளாக எண்ணியதில்லை. மதிப்பீட்டில் தப்பு வராதா? 409 எப்படி 558 ஆனது என்று பார்த்தோமே. ஒட்சிசன் இல்லாமல் செத்தவர்களை யார் மதிப்பிட்டார்கள்? அதற்கு ஒரு இழை திறவுங்களேன் வாசன்.

ரபீக் (பேருவளை, இப்போது மருதானை):
எனக்கு இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல் நிலையத்தில் கொரோனாவோடு மலேரியாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள். 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாத நாடு, 2016இல் சான்றிதழும் வாங்கியாயிற்று, அப்படியும் ஊரடங்கு நேரத்தில் விடவில்லை. அதே 2016 கடைசியில் மன்னாரில் மலேரியா பரப்பும் புது நுளம்பு ஒன்றைப் பிடித்தார்கள், கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும் வகை. டிடிடி ஐயா அதற்கு என்ன அடிப்பார்?

நாரஹேன்பிட்டக்காரன்:
ஐயா என்று நக்கல் வேண்டாம் நானா. விமான நிலையத்தைப் பூட்டி வைத்தால் மலேரியா எப்படி வரும்? அதற்கு இரத்தம் எடுத்தவர்களுக்கு மாலை போடுகிறீர்கள்.

ரபீக் (பேருவளை, இப்போது மருதானை):
பூட்டியிருந்தால் நான் எப்படி வந்தேன்? நீந்தியா?

கொட்டாஞ்சேனையான்:
மூன்றாம் மாடித் தாங்கிக்கு மூடி போட்டாயிற்றா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

நாரஹேன்பிட்டக்காரன்:
அது நாலாம் மாடிக்காரனின் தாங்கி!!! நிர்வாகக் குழுவிடம் கடிதமே இருக்கிறது. இன்றைக்குப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.