வைன் ஃபிரிட்ஜ்: கம்ப்ரசரா, தெர்மோஎலக்ட்ரிக்கா?

திராட்சைக்கொடி:
வணக்கம். சிங்கப்பூர், ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) நாலறை வீடு. கையில் இருபது பாட்டில் வைன் இருக்கு. பாதி பிரெஞ்சு போர்டோ, அஞ்சாறு வருஷம் வச்சுக் குடிக்கிற எண்ணம். மீதி ஆஸ்திரேலிய ஷிராஸும் கொஞ்சம் ஷாம்பெய்னும். ஹால்ல வைக்க 28 பாட்டில் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி ஒண்ணு பார்த்தேன், சத்தமே இல்லை, விலையும் கம்மி. கம்ப்ரசர் அதிர்வுல வைன் கெட்டுப்போகும்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?

குளிர்பெட்டிக்காரன்:
வேணாங்க. தெர்மோஎலக்ட்ரிக்னா பெல்டியர் தகடு. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அறையோட வெப்பத்திலிருந்து பத்துப் பதினஞ்சு டிகிரிதான் அதால இறக்க முடியும். உங்க ஹால் மத்தியானம் 32 டிகிரின்னா உள்ளே 17க்குக் கீழே போறதே பாடு. வருஷக்கணக்கா வைக்கிற வைனுக்கு 12, 13 டிகிரி வேணும். அதோட, ராத்திரி வெளியே சூடு குறைஞ்சா உள்ளேயும் குறையும், பகல்ல ஏறும். இப்படித் தினம் ஏறி இறங்கினா கார்க் வழியா காற்று போய் வரும். இதைத்தான் நான் பெரிசா பயப்படுவேன்.

அமைதிவிரும்பி:
இதை முழுசா ஏத்துக்க முடியலை. என் பெட்டி தெர்மோஎலக்ட்ரிக்தான். படுக்கையறையில இருக்கு, ஏர்கான் 25ல ஓடும், உள்ளே 13 காட்டுது. பக்கத்துல படுத்துத் தூங்கறேன், சின்ன விசிறிச் சத்தம் மட்டும்தான். கம்ப்ரசர் ராத்திரி ஓடி ஓடி நிக்கிற சத்தம் சின்ன வீட்ல எவ்வளவு தொந்தரவுன்னு யாரும் சொல்றதில்லை. அதிர்வுல பழைய வைனோட அடி வண்டல் கலங்கும்கிறதும் பொய் இல்லையே?

குளிர்பெட்டிக்காரன்:
ஏர்கான் ராவும் பகலும் ஓடினா நீங்க சொல்றது சரி. ஆபீஸ் போகும்போது நிறுத்துவீங்கதானே? அந்த நேரத்துல உள்ளே எவ்வளவு காட்டுதுன்னு ஒருநாள் பாருங்க. வெளியே சூடு ஏறினா பெல்டியர் ஓயாம ஓடும். அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசரைவிட அதிக மின்சாரம் இழுக்கும். அதிர்வுக்கு, நல்ல வைன் ஃபிரிட்ஜ்ல கம்ப்ரசரை ரப்பர் மேல உட்கார வச்சிருப்பாங்க. வண்டல் படிஞ்ச பாட்டிலைக் குடிக்கிறதுக்கு முந்தின நாள் நிமிர்த்தி வைக்கத்தானே போறோம்.

பழையசாதம்:
இருபது பாட்டிலுக்கு எதுக்கு இவ்வளவு? ஷிராஸ் திருகுமூடியா இருக்கும், சீக்கிரமே குடிச்சிடலாம். அந்தப் பத்து போர்டோவை வைன் கிடங்குல மாச வாடகைக்கு வைங்க. இல்லைன்னா வீட்டு ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டு போதும். பணத்தை நல்ல பாட்டிலுக்குச் செலவழிக்கலாமே.

திராட்சைக்கொடி:
அண்ணே, கிடங்குல வச்சா நினைச்ச நேரத்துல எடுக்க முடியாது. நண்பர்கள் வரும்போது என் கையால எடுத்துத் திறக்கணும், அதுக்காகத்தான் சேர்க்கிறேன்.

குளிர்பெட்டிக்காரன்:
வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி, உள்காற்றும் வறட்சி. ஒரு வாரம், ரெண்டு வாரம் பரவாயில்லை. மாசக்கணக்கா வச்சா கார்க் காஞ்சு சுருங்கிடும். கிடங்கு யோசனை நல்லதுதான், ஆனா பத்து இருபது வருஷம் வைக்கிற விலையுயர்ந்த பாட்டிலுக்கு.

திராட்சைக்கொடி அவர்களே, ரெண்டு விஷயம் பாருங்க. முதல்ல பின்பக்கத் தகட்டுல ‘கிளைமேட் கிளாஸ்’. N போட்டிருந்தா சுற்றுச்சூடு 32 வரைக்கும்தான், ST 38, T 43. N வாங்காதீங்க, நம்ம ஊர் மத்தியானமே அந்த எல்லையில நிக்குது. அடுத்து, 28 பாட்டில்னு எழுதினது ஒல்லியான போர்டோ பாட்டில் கணக்கு, குறுக்களவு ஏழரை சென்டிமீட்டர் சொச்சம். ஷாம்பெய்ன் பாட்டில் 9 சென்டிமீட்டர் கிட்ட வரும், தட்டுல இடிக்கும். 45 பாட்டில் அளவுல வாங்குங்க.

அமைதிவிரும்பி:
தகட்டு விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. ஆனா ஹால்லயே தூங்கற வீட்டுக்கு இன்னமும் கம்ப்ரசரைச் சொல்ல மாட்டேன். அப்போ உள்ளே ரெண்டு அறை இருக்கிற பெட்டி வாங்கணுமா? வெள்ளைக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு?

குளிர்பெட்டிக்காரன்:
சேமிக்க எல்லாத்துக்கும் 13 டிகிரி போதும். ரெண்டு அறைங்கிறது பரிமாறுற வசதிக்குத்தான். ஷாம்பெய்னைக் குடிக்கிற அன்னிக்கு வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாத்திடலாம்.

திராட்சைக்கொடி:
அப்போ ஒரே அறை, கம்ப்ரசர், ST இல்லைன்னா T. சத்தத்துக்காக பாம் ஷெல்டருக்குள்ள (வீட்டுக்குள்ளேயே இருக்கிற கான்கிரீட் பதுங்கறை) வச்சுக் கதவைச் சாத்திடலாமா?

குளிர்பெட்டிக்காரன்:
சாத்தக் கூடாது. பெட்டி வெளியேத்துற சூடு கான்கிரீட் சுவருக்குள்ளேயே தங்கி, அறையே சூடாயிடும். ஹால்ல வெயில் படாத மூலை பாருங்க. பின்பக்கம் காற்று விடுற மாடல்னா சுவரை விட்டுத் தள்ளி வைங்க, அலமாரிக்குள்ள செருகணும்னா முன்பக்கம் காற்று விடுற மாடல் கேளுங்க.