நாலாங்கிளாஸ் பையனுக்கு சிரிப்பு வர்ற தமிழ்ப் புக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா? (நீதிக்கதை வேண்டவே வேண்டாம்)

சிங்காநல்லூர் சுதா

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்க பையன் நாலாவது முடிச்சு அஞ்சாவது போறான். இங்கிலீஷ்ல விம்பி கிட் புக்க வெச்சுட்டு கட்டில்ல உருண்டு உருண்டு சிரிக்கறான், சாப்பிடக் கூப்பிட்டா தட்டுக்குப் பக்கத்துலயும் அதே புக்குதான். அதே பையன்கிட்ட தமிழ்ப் புக்கு ஒண்ணக் குடுத்தா ரெண்டு பக்கம் பொரட்டிட்டு "அம்மா, கடைசில நரி ஏமாந்துரும், பேராசைப்படக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு மூடி வெச்சர்றான். போய்ப் பாத்தா நெசமாவே அதுதான் போட்டிருக்குது, கட்டம் கட்டி, நீதின்னு தலைப்பு வேற!!

புத்தகக் கண்காட்சில அள்ளிட்டு வந்ததெல்லாம் இப்படித்தானுங்க, அட்டைல "சிரிப்புக் கதைகள்"னு இருக்கும், உள்ளார பொண்டாட்டி புருஷன் ஜோக்கு, இல்லீனா டாக்டர் நர்ஸ் ஜோக்கு. பொடியனுக்கு அதுல என்ன புரியும். தெனாலிராமன் வீட்ல இருக்குது, அதுல சுடச்சுட பால வெச்சு பூனையப் பயப்பட வெப்பான்ல, அந்த ஒரு கதைக்கு மட்டும் சிரிச்சான்.

எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், வேகம் கம்மி, அதனால ரொம்ப செந்தமிழா இருந்தா ஆகாது. படிச்சா சிரிக்கோணும், அவ்வளவுதான், வேற ஒரு பிரயோஜனமும் எதிர்பாக்கல. ஆன்லைன்ல ஃப்ரீயா இருந்தாலும் சொல்லுங்க, ஆனா ஃபோன அவன் கைல குடுக்க மாட்டேன், பிரிண்ட் எடுக்கற மாதிரி இருந்தா நல்லது.

விருதுநகர் காமிக்ஸ் பித்தன்

அக்கா யோசிக்கவே வேணாம், லக்கி லூக். சிவகாசில லயன் முத்து காமிக்ஸ்காரங்க வருசக்கணக்கா தமிழ்ல போட்டுட்டு இருக்காங்க. பெல்ஜியத்துக்காரரு மோரிஸ் 1946ல ஆரம்பிச்ச கௌபாய் கதை, அப்புறம் 1955ல கோசினி கதை எழுத உள்ள வந்தாரு பாருங்க, அங்க இருந்துதான் காமெடி பிச்சுக்கிட்டுப் போகும். தன் நிழலை விட வேகமா துப்பாக்கி எடுக்குற ஆளு நம்ம ஹீரோ, அவன் குதிரை ஜாலி ஜம்பர் அவனை விட புத்திசாலி. வில்லனுங்க டால்டன் அண்ணந்தம்பி நாலு பேரு, உயர வரிசைல நிப்பாய்ங்க, இருக்குறதுலயே குள்ளமானவன் ஜோ எப்பப் பாத்தாலும் கடுப்புல கொதிப்பான், இருக்குறதுலயே ஒசரமானவன் அவெரலுக்கு துப்பாக்கிச்சூடு நடந்தாலும் ஒரே கவலை சோறு எப்பங்குறதுதான். ஜெயில் காவலுக்கு ரின்டின்கேன்னு ஒரு நாய், கைதி தப்பிச்சு ஓடுனா அவன் கூடவே வால ஆட்டிட்டுப் போற நாய். ஒங்க பையன் அந்த நாய்க்கே விழுந்துருவான்.

இன்னொரு விசயம், எழுத்துக்கூட்டிப் படிக்குற பயலுகளுக்கு காமிக்ஸ்தான் சரி. ஒரு பலூன்ல ரெண்டு வரி, மூணு வரி, அதுவும் நம்ம பேசுற தமிழ். பாதி ஜோக்கு படத்துலயே முடிஞ்சிரும், மிச்சம் என்னதான் சொல்றான்னு தெரிஞ்சுக்கவே அவனா எழுத்தப் படிப்பான். விம்பி கிட்டும் அதே டெக்னிக்குதானே, பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியம் இல்லைனா எத்தன பேரு படிப்பான்னு நினைக்கீங்க.

லக்கி லூக் புடிச்சிருச்சுனா அடுத்து சிக் பில், அதுல ஷெரீப் டாக் புல்லும் அவரு டெபுடி ஆர்டினும் அடிக்குற கூத்து தனி. துப்பாக்கி, சலூன்ல (முடிவெட்டுற கடை இல்ல, சாராயக்கடை) அடிதடி எல்லாம் இருக்கும், ஆனா ரத்தக்களறி கிடையாது. பழைய லக்கி லூக் கதைகள்ல ஹீரோ வாயில சிகரெட் இருக்கும், 1983லதான் அத எடுத்துட்டு புல்லுக்குச்சி ஆக்கினாங்க, அது ஒங்களுக்கு ஓகேவான்னு பாத்துக்கோங்க.

டீச்சர் மீனா

நான் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளில இருக்கேன். சுதா மேடம், முதல்ல ஸ்டோரிவீவர் பாருங்க, பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச சைட், காசே கிடையாது, தமிழ்ல ஏகப்பட்ட கதை இருக்கு, பிடிஎஃப்பா இறக்கி பிரிண்ட் எடுத்துக்கலாம், லைசென்ஸே அப்படித்தான் குடுத்திருக்காங்க. லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சிருப்பாங்க, உங்க பையனுக்கு 2ல ஆரம்பிங்க. வயசுக்குத் தகுந்த லெவல்னு 4 எடுத்தீங்கன்னா தமிழ்னாலே கஷ்டம்னு மனசுல பதிஞ்சிடும்.

அதுல சிருங்கேரி சீனிவாசன்னு ஒருத்தர் வருவார், ரோகிணி நிலேகணி எழுதினது. தலைமுடி நீளமா வளர்ந்து கிடக்கும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெட்டுவார், அன்னைக்குன்னு பார்த்து முடிவெட்டுறவர்ல இருந்து யாருக்குமே நேரம் இருக்காது. கடைசில காட்டுக்குள்ள புலிகிட்ட போய் நிப்பார். அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க ஸ்கூல்ல இதை வாசிச்சா மூணாவது பசங்க "இன்னொரு வாட்டி டீச்சர்"னு உயிரை எடுப்பாங்க. கதைல நீதியே இல்ல, கவனிச்சீங்களா, ஒரு மனுஷனுக்கு முடி வெட்டணும், அவ்வளவுதான் கதை.

அரசோட வாசிப்பு இயக்கத்துல வந்த சின்னச்சின்ன புத்தகங்களும் நல்லா இருக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி வச்சிருக்காங்க, பேச்சுத் தமிழ் தாராளமா வரும். உங்க பையன் பிரைவேட் ஸ்கூலா இருந்தா பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளி டீச்சர் யாரையாவது கேளுங்க, கண்டிப்பா காட்டுவாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், முதல் ரெண்டு மூணு புத்தகம் நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. எழுத்துக்கூட்டும்போது சிரிப்பு வராது, ஜோக்கோட முதல் பாதி அவன் கடைசி எழுத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மறந்து போயிடும். நீங்க குரல் மாத்தி வாசிச்சா சிரிப்பான், அப்புறம் அதையே தனியா எடுத்துப் படிப்பான், ஏன்னா சிரிப்பு எங்க வரும்னு அவனுக்கு இப்போ தெரியும். எங்க பசங்ககிட்ட நான் பார்த்தது இது.

உறையூர் பெரியவர்

எல்லாரும் புதுசையே சொல்றீங்க, பரமார்த்த குரு கதையை யாருமே எடுக்கலையேப்பா. இத்தாலில இருந்து வந்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடினவர், எங்க பக்கம் ஏலாக்குறிச்சில இருந்தவர், அவர் எழுதினது. 1822லயே பாபிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷ்ல பேத்து லண்டன்ல அச்சுப் போட்டாச்சு. அவ்வளவு பழசு, ஆனா இன்னிக்கு வாசிச்சாலும் வயிறு வலிக்கும்.

குருவுக்கு அஞ்சு சீடனுங்க, பேரே மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பேரை வாசிச்சாலே சின்னப் புள்ளைங்க சிரிக்கும். ஆத்தைத் தாண்டணும், ஆறு முழிச்சிருக்கா தூங்குதான்னு பாக்க ஒருத்தன் கொள்ளிக்கட்டையைத் தண்ணில வைப்பான், சுர்ருன்னு சத்தம், ஐயையோ ஆறு முழிச்சிருக்கு, இப்ப இறங்கினா முழுங்கிடும்னு ஓடியாந்துடுவான். அப்புறமா அதே அணைஞ்ச கட்டையை எடுத்துட்டுப் போய் வைப்பான், சத்தமே வராது, ஆஹா தூங்கிடுச்சுன்னு மெதுவா கால் வச்சு தாண்டுவாங்க. அக்கரைக்குப் போய் எண்ணுவாங்க, எண்ணுறவன் தன்னை விட்டுட்டு எண்ணுவான், ஒரு ஆள் குறையுதேன்னு ஆறு பேரும் உக்காந்து ஒப்பாரி.

அப்புறம் குதிரை முட்டைன்னு பூசணிக்காய வாங்கிட்டு வர்ற கதை. அது கீழ விழுந்து உடையும், புதர்ல இருந்து முயல் ஓடும், குதிரைக்குட்டி தப்பிச்சிடுச்சேன்னு பின்னாடியே ஓடுவாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது வேற. குரு குதிரை மேல போறப்ப தலைப்பாகை விழுந்துடும், எடுக்கச் சொல்லலியேன்னு சீடனுங்க எடுக்க மாட்டானுங்க. கீழ விழுறது எல்லாத்தையும் எடுங்கடான்னு குரு திட்டினதும் குதிரைச் சாணியைத் தலைப்பாகையில ஏந்திட்டு வந்து நீட்டுவானுங்க!! அப்புறம் எதை எதை எடுக்கணும்னு குருவே ஓலைல எழுதிக் குடுத்துடுவார். அடுத்து அவரே பள்ளத்துல விழுவார். ஓலையை வாசிச்சுப் பாப்பானுங்க, வேட்டி எடு, தலைப்பாகை எடுன்னு இருக்கும், குருவை எடுன்னு இருக்காது. எழுதியிருக்கிற துணிமணி எல்லாத்தையும் உருவிட்டு அவரை அப்படியே பள்ளத்துல விட்டுடுவானுங்க. என் பேரனுக்கு இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே சிரிப்பு தாங்காது, அவன் "தாத்தா நீ சிரிச்சுட்டு அப்புறம் சொல்லு"ம்பான்.

மூலத்தை அப்படியே குடுக்காதம்மா, வாக்கியம் ஒவ்வொண்ணும் முழ நீளம் இருக்கும். பெரிய எழுத்துல, படத்தோட, பசங்களுக்குன்னு சுருக்கிப் போட்ட பதிப்பு நிறைய இருக்கு. கடைசிக் கதையில குரு செத்துப் போயிடுவார், அதையும் வேடிக்கையாத்தான் எழுதியிருக்கும், உன் பையன் எப்படின்னு பாத்துக்க.

போற போக்குல ஒண்ணு, சுப்பாண்டி இருக்கானே, டிங்கிள்ல வருவான், அந்த ஐடியா 1983ல எங்க திருச்சி வாசகர் ஒருத்தர் எழுதி அனுப்பினதுதான். அனந்த் பை நடத்தின பத்திரிகை அது. சொன்னதை அப்படியே செஞ்சு வைக்கிற வேலைக்காரப் பையன், குதிரைச் சாணி சீடனுங்களோட சொந்தக்காரன்னுதான் நான் சொல்லுவேன். 80கள்ல வாண்டுமாமா ஆசிரியரா இருந்த பூந்தளிர்ல அவன் தமிழும் பேசினான். பழைய புத்தகக் கடைல பூந்தளிர் கண்ல பட்டா விட்டுடாத.

நேர்மை

நீதி இல்லாத கதை எதுக்குங்க? வெறும் சிரிப்புக்குன்னா டிவி இருக்கே. புத்தகம்னா நாலு நல்லது சொல்லணும். அந்தக் காலத்துல எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நாங்க படிக்கலையா?

விருதுநகர் காமிக்ஸ் பித்தன்

அண்ணே ஒங்களுக்கு அந்தக் காலத்துல கையில வேற என்ன இருந்துச்சு, கெடைச்சதப் படிச்சீங்க. இப்ப அவன் கையில விம்பி கிட் இருக்குல்ல. தமிழ்ப் புக்கு போட்டி போட வேண்டியது அது கூட, டிவி கூட இல்ல.

டீச்சர் மீனா

நேர்மை சார், நீதியோட வர்ற கதை இப்பவும் பாடப் புத்தகத்துல இருக்கு, யாரும் எடுத்துடல. ஆனா ஒரு கதை முடிஞ்சதும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்"னு கேட்டா அது பரீட்சை சார். நானே ஒரு டீச்சர், கேள்வி கேட்கிறதுதான் என் பொழப்பு, இருந்தாலும் லைப்ரரி பீரியட்ல மட்டும் கேட்க மாட்டேன். பசங்களா வந்து "டீச்சர் அந்தச் சீடன் ஏன் தன்னை எண்ணல"ன்னு கேட்பாங்க பாருங்க, அதுக்கு மேல என்ன வேணும்.

சுதா மேடம், கடி ஜோக் புத்தகத்தை விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டு கடைல ஒல்லியா தொங்குமே அதுதான். நமக்குத்தான் தாங்காது, "இட்லி மாவுல இட்லி சுடலாம், கடலை மாவுல கடலை சுட முடியுமா" மாதிரி ஒண்ணைக் கேட்டுட்டு ஊரெல்லாம் சொல்லித் திரியற வயசு அது. ஒரு ஜோக் ரெண்டே வரி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்கு அளவான வேலை. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு புரட்டு புரட்டிடுங்க, நீங்க சொன்ன புருஷன் பொண்டாட்டி சரக்கு அதுலயும் நுழைஞ்சிருக்கும்.

சிங்காநல்லூர் சுதா

அய்யோ இத்தன பேரு எழுதியிருக்கறீங்க, ரொம்ப தேங்க்ஸுங்க எல்லாருக்கும். முடிவெட்டற கதைய பிரிண்ட் போட்டாச்சு, ராத்திரிக்கு வாசிக்கறேன். பெரியவருங்கய்யா, அந்தக் குதிரைச் சாணி கதைய இப்பவே வாய்ல சொன்னேன், அப்பாகிட்ட போய் "எழுதிக் குடுத்தாத்தான் செய்வேன்"னு ஆரம்பிச்சுட்டான், இனி ஒரு வாரத்துக்கு எங்க பாடு திண்டாட்டந்தான்.

இன்னொரு கேள்விங்க. எங்க மாமனாரு பீரோல அப்புசாமி சீதாப்பாட்டி நெறைய இருக்குது, அத இவனுக்குக் குடுக்கலாமுங்களா, இல்ல இன்னும் வயசு ஆகோணுமா?

உறையூர் பெரியவர்

பாக்கியம் ராமசாமியோடதா, 1963ல குமுதத்துல ஆரம்பிச்சது, ஜெயராஜ் படத்தோட வரும். இப்ப வேண்டாம்மா, பன்னெண்டு பதிமூணு வயசாகட்டும். தாத்தா பாட்டி சண்டைதான், தப்பா ஒண்ணும் இல்ல, ஆனா சீதாப்பாட்டியோட இங்கிலீஷ் அலட்டல், பாட்டிகள் முன்னேற்றக் கழகம்னு கட்சிகளைக் கிண்டல் பண்றது இதெல்லாம் புரிஞ்சாத்தான் சிரிப்பு. ரசகுண்டும் பீமாராவும் அப்புசாமி கூடச் சேந்து போடுற திட்டம் எதையாவது நீ வாயால சொல்லு, அது எடுபடும். தேவனோட துப்பறியும் சாம்புவும் அப்படித்தான், ஹைஸ்கூல் போகட்டும். மாமனார் இருக்கார்னா அவரையே வாசிச்சுக் காட்டச் சொல்லேன், பீரோல வச்சிருக்கிற மனுஷனுக்கு ஆசை இருக்காதா.

விருதுநகர் காமிக்ஸ் பித்தன்

அக்கா லக்கி லூக் கடைல தேடி அலையாதீங்க, எல்லா ஊர்லயும் கெடைக்காது. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா கூரியர்ல வந்துரும், இல்லைனா ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழா வரும்ல, கோயமுத்தூர்ல இருந்து பக்கம்தான, அங்க ஸ்டால் போடுவாங்க, பையனையும் கூட்டிட்டுப் போங்க, அவனையே எடுக்க விடுங்க. பழசு ஸ்டாக் தீந்துருச்சுனா திரும்ப அடிப்பாங்கங்குறது சந்தேகம், அதனால டால்டன் படம் அட்டைல இருந்தா மறுபேச்சு பேசாம பில் போட்டுருங்க.