பறவைக்கும் திமிங்கிலத்துக்கும் ஒரு லென்ஸ்: 400 பிரைமா 150-600 சூமா?

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது கெனன் 80டி கமரா, கூட 55-250 லென்ஸ். இவ்வளவு காலமும் அதோடதான் சமாளிச்சன், ஆனா இங்க திருகோணமலையில குச்சவெளிக் களப்புப் பக்கம் போனா நாரை எல்லாம் தூரத்தில நிக்கும், பெருசாக்கிப் பாத்தா இறகு எண்டு சொல்ல ஒண்டும் மிஞ்சாது. இப்ப கொஞ்சம் காசு சேந்திருக்கு. கெனன் 400 எஃப் 5.6 எல் பிரைம் (சூம் பண்ணேலாது, 400 மில்லிமீற்றர் மட்டும்தான்) செகண்ட் ஹேண்ட்ல ஒண்டு பாத்து வெச்சிருக்கிறன், இல்லாட்டி சிக்மா 150-600 கன்டெம்பரரி சூம். கூடுதலா எடுக்கிறது பறவைதான், ஆனா கடல் அடங்கின காலத்தில போட்ல திமிங்கிலம் பாக்கவும் போவம். ட்ரைபொட் தூக்கிற ஆள் நான் இல்லை, கையில பிடிச்சுத்தான் எல்லாம். பிரைம்தான் சார்ப் எண்டு எல்லாரும் சொல்றாங்க, அப்ப ஏன் இவ்வளவு பேர் சூமைத் தூக்கிட்டுத் திரியிறாங்க?

நிலாவெளி அலை:
தங்கச்சி, திமிங்கிலம் எண்டு சொன்னதோட என்ட பக்கத்தில கதை முடிஞ்சுது, சூம்தான். கணக்குப் பாருங்க. உங்கட 80டி சென்சர் 22 மில்லிமீற்றர் சொச்சம் அகலம், 400ஐப் போட்டு 100 மீற்றர் தூரத்தில பாத்தா பிரேமுக்குள்ள விழுறது அஞ்சரை மீற்றர் அகலம்தான், நீலத் திமிங்கிலம் வாலைத் தூக்கினா அந்த வாலே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். கொஞ்சம் கிட்ட எழும்பிச்செண்டா வால் நுனி வெட்டுப்படும், பின்னுக்குப் போக போட்ல எங்க இடம்? 150ல வெச்சா அதே தூரத்தில 15 மீற்றர் மட்டில தெரியும், முதுகு, தண்ணி, பக்கத்துப் போட் எல்லாம் சேந்து ஒரு படமா வரும். டொல்பின் கூட்டம் வந்தா இன்னும் மோசம், அதுகள் போட் மூக்குக்கு முன்னாலயே பாயும், அப்ப 400 கையில இருந்தா சும்மா வெச்சுக்கொண்டு வேடிக்கை பாக்கலாம். மற்றது அந்த 400 பழைய லென்ஸ், 1993ல வந்தது, கை ஆட்டத்தை அடக்கிற ஸ்டெபிலைசேசன் இல்லை. ஆடுற போட்ல படத்துக்கு எப்பிடியும் ஷட்டர் வேகத்தை 1/1600க்கு மேல வெப்பீங்கதான், ஆனா வியூபைண்டருக்குள்ள படம் துள்ளாம நிண்டாத்தான் வாலைப் பிரேமுக்குள்ள பிடிக்கலாம், அதுக்கு ஓஎஸ் (சிக்மாட ஸ்டெபிலைசேசன்) வேணும்.

கிண்ணியா மீன்கொத்தி:
நிலாவெளி நானா சொல்றது போட்டுக்குச் சரி. ஆனா அவ எடுக்கிறது கூடுதலா பறவை எண்டு எழுதியிருக்காவே, அதையும் பாக்கோணும். 400 எஃப் 5.6 வெறும் 1250 கிராம், சிக்மா 1930. இந்த வித்தியாசம் கடையில விளங்காது, கிண்ணியாப் பாலத்துக்குப் பக்கத்தில ஆலா குத்துறதப் பாத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கையை உயத்திப் பிடிங்க, அப்ப தோள் சொல்லும். பறக்கிறதுக்கு அந்த 400 மிச்சம் நல்லம், போகஸ் கெதியா பிடிக்கும், 8.5 மீற்றருக்கு அங்கால மட்டும் தேடு எண்டு ஒரு சுவிச் இருக்கு, அதைப் போட்டு விட்டா முன்னுக்கு நிக்கிற கண்டல் கொப்புக்கு ஓடிப் போய் நிக்காது. (சிக்மாவிலயும் அப்பிடி சுவிச் இருக்கு, 10 மீற்றர்ல இருந்து. பொய் சொல்லக்கூடாது.) செம்பருந்து சுத்துறது, கடல்பருந்து மீனோட வாறது எல்லாத்துக்கும் 1/2000 மட்டில போவீங்க, அந்த வேகத்தில ஸ்டெபிலைசேசன் இருந்தென்ன இல்லாட்டி என்ன. 400ஐ 1.4 மடங்கு நீட்டிற கன்வேட்டர் போடலாம் எண்டு யாராவது சொன்னா கேளாதீங்க, 560 எஃப் 8 ஆகும், வெளிச்சம் குறைஞ்சு 80டியில நடுப்புள்ளி ஒண்டை வெச்சுத்தான் போகஸ் பண்ண வேண்டி வரும்.

தம்பலகாமத்தான்:
ரெண்டு பேரும் லென்ஸைப் பத்தியே கதைக்கிறீங்க, திருகோணமலை வெளிச்சத்தை ஒருத்தரும் கதைக்கேல்ல. வலசைப் பறவை இங்க வாறது ஐப்பசி கார்த்திகையில இருந்து, அதேதான் எங்கட மாரி, வானம் இருண்டு கிடக்கும். திமிங்கிலத்துக்குப் போறது பங்குனிக்குப் பிறகு, அப்ப வெயில் கண்ணைக் குத்தும். அதால போட்ல சிக்மாட எஃப் 6.3 (5.6ஐ விட வெளிச்சம் குறைவா உள்ளுக்கு விடும்) ஒரு பிரச்சினையே இல்லை, மாரியில களப்புலதான் பிரச்சினை. ஆனா அதுக்கு 5.6 பிரைம் மருந்தும் இல்லை. சிக்மாவில ஐஎஸ்ஓ (சென்சர்ட வெளிச்ச உணர்திறன்) 3200 வேணுமெண்டா 400ல 2500, இதில என்ன பெரிய லாபம்? வெளிச்சம்தான் வேணுமெண்டா கெனன் 300 எஃப் 4 ஐஎஸ் (ஐஎஸ் எண்டா கெனன்ட ஸ்டெபிலைசேசன்) பாருங்க, அதே இடத்தில ஐஎஸ்ஓ 1250 போதும், பாரமும் 1200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒண்டரை மீற்றர்ல போகஸ் பிடிக்கும், தும்பியும் எடுக்கலாம். தூரம் குறையும்தான், அதுக்கு 1.4 கன்வேட்டர் போட்டா 420 எஃப் 5.6, போகஸ் பொயின்ட்டும் போகாது.

அடுத்தது சார்ப் எண்ட கதை. காலம ஒம்பது மணிக்குப் பிறகு சூடான மணலுக்கும் தண்ணிக்கும் மேலால 600ல எடுத்துப் பாருங்க, காத்தே நெளியும், எந்த லென்ஸும் சார்ப் இல்லை. லென்ஸை விட விடியக்காலம எழும்பிறதுக்குப் பெறுமதி கூட, இதைச் சொன்னா ஒருத்தருக்கும் பிடிக்கிறதில்லை.

ஒண்டு செய்யுங்க, உங்கட 55-250ல எடுத்த நல்ல படங்களைத் திறந்து எவ்வளவு வெட்டினீங்க எண்டு பாருங்க. 400ல எடுத்ததை 600 அளவுக்கு வெட்டினா 24 மெகாபிக்சல்ல பத்தரைக்குக் கிட்ட மிஞ்சும், பேஸ்புக்குக்கும் ஏ4 பிரின்டுக்கும் தாராளம். உங்கட 250ஐ 600 அளவுக்கு வெட்டினா நாலுதான் மிஞ்சும், அதுதான் இறகு இல்லாமப் போறது.

உப்புவெளிக்காரி:
நன்றி எல்லாருக்கும். அண்ணா சொன்ன மாதிரி பாத்தன், நாரை கூழைக்கடா எல்லாம் பாதிக்கு மேல வெட்டித்தான் வெச்சிருக்கிறன், மீன்கொத்தி அதை விட மோசம். ஆனா பறக்கிற படம் மிச்சம் குறைவு, கூடுதலா கொப்பில இருக்கிறது, சேத்தில நிக்கிறதுதான். அப்ப பிரைம்ட வேகம் எனக்குப் பெருசா உதவாதோ?

கிண்ணியா மீன்கொத்தி:
இருக்கிற பறவையெண்டா நான் என்ட வாதத்தை மடிச்சு வெக்கிறன் தங்கச்சி. அசையாம நிக்கிறதுக்கு ஓஎஸ் போட்டு 1/250 வரைக்கும் இறங்கலாம், மாரி வெளிச்சத்துக்கு அதுதான் கைகுடுக்கும், அந்த இடத்தில 400 தோக்கும். சிக்மாவையே எடுங்க. பாரத்துக்கு மட்டும் மொனோபொட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) ஒண்டு வாங்குங்க, கழுத்து வாரில தொங்க விடாதீங்க, லென்ஸுக்குக் கீழ இருக்கிற காலைப் பிடிச்சுத் தூக்குங்க.

நிலாவெளி அலை:
சிக்மாவில சூம் வளையத்தைத் திருப்பாம முன்னால இருக்கிற ஹூட்டைப் பிடிச்சு இழுத்தும் தள்ளியும் சூம் பண்ணலாம், போட்ல நல்ல வசதி. ஆனா அது நீளுற லென்ஸ், கமராவில பூட்டுற மவுன்ட்ல மட்டும்தான் ரப்பர் சீல், கடல்தண்ணி தெறிச்சா குழாயை உள்ளுக்கு இழுக்க முதல் துடைச்சுப் போடுங்க. கோணேசர் கோவில்ல இருந்து கடலைப் பாத்து எடுக்கப் போறதெண்டா கோவில் இருக்கிற கோட்டைக்குள்ள ஆமி முகாம் இருக்கு, அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீங்க. கோட்டை மானுக்கு 55-250யே காணும், கிட்ட வந்து பையை மணக்கும் அதுகள்.

தம்பலகாமத்தான்:
செகண்ட் ஹேண்ட் எண்டா வாங்க முதல் போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால அடிச்சு முன்பக்கத்தால பாருங்க, நூல் நூலா வெள்ளையாத் தெரிஞ்சா பங்கஸ் (பூஞ்சணம்), என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். எங்கட கடற்காத்துக்கு வாங்கின அண்டைக்கே காத்துப் போகாத பெட்டி ஒண்டும் சிலிக்கா ஜெல்லும் வேணும், அந்தக் காசையும் இப்பவே ஒதுக்கி வையுங்க.