எக்ஸ்ரே அறையில் எந்த உறுப்பை முதலில் காப்பது? மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

"பிள்ளையின்ட அடிவயிற்றுக்கு ஈயம் வைக்கல்லையா?" இடுப்பு எக்ஸ்ரேக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மாரின் முதல் கேள்வி இன்றும் இதுதான். கதிரை மறைக்கும் ஈயக் காப்பைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பிழையில்லை, நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம். ஐ.சி.ஆர்.பி. என்ற சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொரு உறுப்புக்கும் கதிரால் வரும் ஆபத்தின் பங்கைக் காட்ட ஒரு எண் கொடுக்கும், அதுதான் நிறை. அதன் 1990 அட்டவணையில் விதை, சூலகத்துக்கு 0.20 நிறை, எல்லா உறுப்பிலும் கூடியது அதுதான். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளில் பரம்பரைப் பாதிப்புத் தெரியவில்லை. அதனால் 2007இல் அந்த நிறையை 0.08 ஆக்கினார்கள். மார்பகமோ 0.05இலிருந்து 0.12க்கு ஏறியது.

சூலகம் இருக்கும் இடம் ஆளுக்காள் மாறும். ஈயம் அதைத் தவறவிட்டு எலும்பை மறைக்கும், படம் திரும்ப எடுக்க வேண்டிவரும். கதிரின் அளவை இயந்திரமே தீர்மானிக்கும் தன்னியக்கக் கட்டுப்பாட்டின் உணரிக்கு மேல் ஈயம் கிடந்தால் இயந்திரம் தடித்த உடம்பென்று எண்ணிக் கதிரைக் கூட்டும். அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2019இல் இப்படி ஈயம் வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது இதனால்தான். எக்ஸ்ரே கற்றையை வேண்டிய இடத்துக்கு மட்டும் இறுக்கிக் குறுக்குங்கள். தாய்க்கும் அதையே காட்டி விளங்கப்படுத்துங்கள்.

கல்முனையிலிருந்து:

அண்ணன் சொன்ன மார்பக நிறைதான் முதுகெலும்பு வளைந்த பெண்பிள்ளைகளில் முக்கியம். வருசக்கணக்காகப் படம் எடுப்பார்கள். பிள்ளையின் முதுகைக் கதிர் வரும் குழாய்ப் பக்கம் திருப்பி நிறுத்தினால், கதிர் உடம்பைக் கடந்து மெலிந்த பிறகே மார்பகத்துக்கும் தைரொயிட்டுக்கும் வரும். செலவில்லாத காப்பு.

கணக்கு எளிது. உறுப்பு பெற்ற அளவை அதன் நிறையால் பெருக்கிக் கூட்டுவது. ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு) என்றால் மார்பகத்துக்கு 0.12, தைரொயிட்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. எல்லா நிறையும் சேர்ந்தால் 1. ஆனால் இவை ஆண், பெண், எல்லா வயதுக்கும் எடுத்த சராசரி. 12 வயதுப் பிள்ளையின் மார்பகத்தைக் கதிர் அதைவிடக் கூடுதலாகப் பாதிக்கும். ஒரு முறையை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பாவியுங்கள். அந்தப் பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பை இதால் கணிக்கவேண்டாம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

கண்வில்லை அந்த அட்டவணையிலேயே இல்லை, தம்பி. நிறைகள் புற்றுநோய்க்கும் பரம்பரைப் பாதிப்புக்கும் உரியவை. கதிரால் கண்வில்லையில் வரும் கண்புரை வேறு வகை, அதற்குத் தனி எல்லை. ஐ.சி.ஆர்.பி. 2011இல் பணியாளர் கண்ணுக்கான எல்லையை ஆண்டுக்கு 150இலிருந்து 20 மில்லிசீவர்ட்டுக்கு இறக்கியது. அது 5 ஆண்டுச் சராசரி. எந்த ஓராண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. எக்ஸ்ரேயை ஓடும் படமாகத் திரையில் பார்க்கும் அறையில் நிற்பவர்களுக்கு ஈயக் கண்ணாடி அதனால்தான்.

பணியாளர் பெற்ற கதிரை அளவிட உடையில் குத்தும் பட்டையில்தான் கூடுதலாகப் பிழை. ஒன்றுதான் தந்தால் எங்கே குத்தவேண்டுமென்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஈய அங்கிக்கு வெளியே கழுத்தில் குத்தியது கண்ணுக்கு நல்ல அடையாளம், முழு உடம்புக்கோ கூட்டிக் காட்டும். இரண்டு தந்தால் மற்றது அங்கிக்கு உள்ளே இடுப்பில். இடம் மாறினால் கணக்கே புரளும். பட்டையை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு நம்மட வெயிலில் விடவேண்டாம், சூட்டில் பதிந்த அளவு குறைந்துபோகும். அங்கியை மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடிப்பில் ஈயம் வெடித்தால் வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.