அப்பா வாட்ச்சுல வந்த எச்சரிக்கை

சுதா: அப்பா வாட்ச்சுல ராத்திரி 'துடிப்பு ஒழுங்கா இல்ல'ன்னு வந்திருக்கு. அம்மா போட்டோ அனுப்பினாங்க. டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போறது?

குமார் அண்ணா: பட்டை லூசா இருந்திருக்கும்டி

அப்பா: நான் நல்லாத்தான் இருக்கேன்

குமார் அண்ணா: காலையில வாட்ச்சுலயே விரல் வச்சு ஈசிஜி எடுத்தார். நார்மல். விடு

சுதா: ரெண்டும் வேற வேறண்ணா. அடியில பச்சை லைட்டு மின்னுதுல்ல? தோலுக்கடியில ரத்தம் ஏறி இறங்கறப்போ திரும்பி வர்ற வெளிச்சம் மாறும். அத வச்சு துடிப்புக்கு துடிப்பு இடைவெளி பாக்குது. கை ஆடினா, ஜில்லுனு இருந்தா, பட்டை லூசானா தப்பும். ஆனா அப்பா அசையாம தூங்கிட்டிருந்தார். விரல் வச்சு எடுக்கறது இதயத்தோட மின்சாரத்தப் பாக்குது, அதுவும் 30 விநாடிதான். ஆஸ்பத்திரில 12 லீட், அதாவது இதயத்த 12 கோணத்துல பாப்பாங்க, இதுல ஒண்ணே ஒண்ணு.

மீனா சித்தி: பெரியப்பாவோட சாவி குடுக்கற வாட்ச் இப்ப யார்கிட்ட?

குமார் அண்ணா: பாலுகிட்ட. கேட்டா தரமாட்டான்

சுதா: சித்தி, அது அப்புறம். 2019-ல வெளியான ஆப்பிள் வாட்ச் ஆய்வுல 4 லட்சத்து 19 ஆயிரம் பேர். எச்சரிக்கை வந்து, பிறகு நெஞ்சுல ஈசிஜி பேட்ச் ஒட்டிப் பார்த்தவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேலறை ஒழுங்கில்லாம நடுங்கறது, பதிவாச்சு.

குமார் அண்ணா: மூணுல ஒருத்தர்தானே

சுதா: பேட்ச் ஒட்டினதே பல நாள் கழிச்சு. இந்த நடுக்கம் வரும், போகும். பேட்ச் இருக்கறப்பவே வாட்ச் சொன்னதுல 84 சதவீதம் சரி. மேலறை நடுங்கினா ரத்தம் தேங்கிக் கட்டியாகும், மூளைக்குப் போனா பக்கவாதம். பெரியப்பாவுக்கு அப்படித்தானே ஆச்சு?

குமார் அண்ணா: அவரை ஏன் இழுக்கற

சுதா: அன்னைக்கும் 'நாளைக்குப் பாக்கலாம்'னோம்

அம்மா: படி ஏறினா படபடன்னு வருதுன்னு இவர் போன வாரமே சொன்னார்

குமார் அண்ணா: இத ஏம்மா சொல்லல??

அம்மா: நீ திட்டுவேன்னு

அப்பா: ஒரு தடவதான் வந்துச்சு

சுதா: அப்பா, வாட்ச்ச கழட்டாதீங்க. டாக்டர்கிட்ட அந்தப் பதிவக் காட்டணும், ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க ஈசிஜி எடுக்கற சின்னக் கருவி) வைக்கணுமான்னும் கேக்கணும். நெஞ்சு வலிச்சா மட்டும் வாட்ச்சப் பாத்துட்டு உக்காராதீங்க, மாரடைப்ப அதால கண்டுபிடிக்க முடியாது. நேரா ஆஸ்பத்திரிதான்.

குமார் அண்ணா: சனிக்கிழமை போலாம்

சுதா: நாளைக்கே

குமார் அண்ணா: 11 மணிக்கு முன்னாடி என்னால முடியாது

அம்மா: 11-ன்னா 11. வந்துடுவியா?

மீனா சித்தி: பாலுகிட்ட நானே கேக்கறேன்

அப்பா: வாட்ச்ச சார்ஜ்ல போட்டுட்டேன்

சுதா: ஏறினதும் கையில மாட்டுங்கப்பா

சுதா: குமாரண்ணா, 11 மணி உறுதியா?